படகா, சவப்பெட்டியா? – ஆரன் தீவு இலக்கியம் பற்றி ஒரு திறனாய்வு

கடலோர வாழ்வைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர்களுள் பலர் கடலோரத்தில் பிறந்தவர் அல்லர். அவர்கள் எங்கிருந்தோ வருகின்றனர். கூடாரம் அடித்தோ, ஒரு குடிசையில் இடம் கேட்டோ சில வாரங்கள் தங்குகின்றனர். விளைநிலத்தையும் மணற்கரையையும் மீன்பிடித் துறையையும் கண்டு நெஞ்சம் நெகிழ்கின்றனர். பின்னர் ஊர் திரும்பி நூல் எழுதுகின்றனர். அந்நூல்கள் பெரும்பாலும் அழகானவை. ஆயினும் அவற்றை வாசிக்கும் நாம் ஒரு கேள்வியை மறந்துவிடலாகாது. விருந்தினர் வியந்த அந்த அழகு, வீட்டாரின் எந்தக் குறையிலிருந்து பிறந்தது?

இக்கேள்வியை எழுப்பிப் பார்ப்பதற்கு அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆரன் தீவுகளை விடப் பொருத்தமான இடம் அரிது. கால்வே வளைகுடாவின் வாயிலில் இனிஷ்மோர், இனிஷ்மான், இனிஷீர் என்று மூன்று தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மூன்றும் சேர்ந்து ஐம்பது சதுர கிலோமீட்டரை எட்டா. இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு பேர். ஐரிய மொழி வீட்டு மொழியாக இன்றும் வழங்கும் இடங்களுள் இது ஒன்று. மக்கள் தொன்றுதொட்டுக் கத்தோலிக்கர். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் புனித எண்டா இங்கு துறவு மடம் கண்டார் என்பது மரபு. ‘புனிதர்களின் ஆரன்’ என்று இத்தீவுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான்.

கோடைக்காலத்தில் ரோசவீல் துறையிலிருந்து படகேறி, முதுகுப்பையும் கூடாரமும் மிதிவண்டியுமாகத் தீவு தீவாகச் சுற்றுவோர் இன்று மிகப் பலர். அவர்களுள் கணிசமானோரின் பையில் ஒரு நூல் இருக்கும். ஜான் மில்லிங்டன் சிங் எழுதி 1907இல் வெளிவந்த ‘ஆரன் தீவுகள்’ என்பதே அது. பயண இலக்கியத்தில் அது ஒரு செம்மையான படைப்பு என்பதில் ஐயமில்லை. அந்நூலோடு, அதே மண்ணிலிருந்து அவர் ஆக்கிய ‘ரைடர்ஸ் டு த சீ’ என்னும் ஓரங்க நாடகத்தையும், ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1934இல் வெளியிட்ட ‘மேன் ஆஃப் ஆரன்’ என்னும் திரைப்படத்தையும், டிம் ராபின்சனின் ‘ஆரனின் கற்கள்’ என்னும் இரு தொகுதிகளையும் ஒருசேர எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம். நால்வகைப் படைப்பும் வெளியிலிருந்து வந்தோரின் ஆக்கங்களே. எனினும் அவை கண்ட காட்சி ஒன்றன்று.

கைகளால் ஆன நிலம்

ஆரனில் கூடாரம் அடிக்க வருபவரின் கண்ணில் முதலில் படுவது கல். தீவு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. பாறைமேல் இயற்கையாக அமைந்த மண் மிகச் சிறிது. கரையிலிருந்து மணலையும் கடற்பாசியையும் கூடை கூடையாகச் சுமந்து வந்து, பாறை இடுக்குகளில் சுரண்டிய மண்ணோடு மாற்றி மாற்றிப் பரப்பி, தலைமுறை தலைமுறையாக மக்கள் தம் கைகளாலேயே நிலத்தை ‘உண்டாக்கினர்’. அந்நிலத்தில் உருளைக்கிழங்கு விளைந்தது. கம்பரிசி எனும் ரை தானியம் விளைந்து கூரைக்கு வைக்கோல் தந்தது. பொறுக்கிய கற்களைச் சாந்தின்றி அடுக்கிச் சுவராக்கினர். அத்தகைய சுவர்களின் நீளம் ஆயிரம் மைலுக்கும் மேல். பல வயல்களுக்குக் கதவே இல்லை. பசுவை உள்ளே விட வேண்டுமானால் சுவரில் ஓரிடத்தைப் பிரித்து, விட்ட பின் மீண்டும் அடுக்கிவிடுவர்.

இந்த நிலம் விருந்தினருக்கு ஓவியம். வீட்டாருக்கு வாடகைக் கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவின் உடைமையாளர் தீவில் வாழாதவர். கையால் ஆக்கிய மண்ணுக்கும் குத்தகை கட்ட வேண்டியிருந்தது. கடற்பாசியை எரித்துக் கட்டியாக்கி, அயோடின் எடுப்பதற்கு விற்று வந்த பணம் அதற்கே பெரும்பாலும் போயிற்று. கட்ட இயலாதவர் வெளியேற்றப்பட்டனர்.

சிங் இதை மறைத்தார் என்று சொல்ல முடியாது. இனிஷ்மானில் காவலர் புடைசூழ நடந்த வெளியேற்றம் ஒன்றை அவர் நேரில் கண்டு, கூர்மையாக எழுதியிருக்கிறார். அடுப்பு அணைக்கப்பட்ட வீட்டுக்காரியின் துயரத்தை அவர் உணர்ந்த விதம், நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு எளிதன்று. ஃபிளாஹர்ட்டியின் திரைப்படமோ பாசி சுமக்கும் பெண்ணையும் பாறை உடைக்கும் ஆணையும் மறக்க முடியாத எழிலுடன் காட்டுகிறது. ஆனால் அந்த மண்ணுக்காக யாருக்குப் பணம் கட்டினர் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. மனிதன் பாறையோடு மட்டும் போராடுகிறான். மனிதனோடு அன்று என்பது போன்ற தோற்றம் அதில் எழுகிறது. நில உரிமைப் போராட்டத்தின் நினைவு மங்காத ஒரு நாட்டில் எடுக்கப்பட்ட படத்தில் இது சிறு குறையன்று.

மணலில் புதைந்த ஆலயம்

விளைநிலத்தைக் கடந்தால் கரை. இனிஷ்மோரின் கில்மர்வியிலும் இனிஷீரின் படகுத் துறையருகிலும் உள்ள வெண்மணற் பரப்புகள் கோடை விருந்தினர் விரும்பும் இடங்கள். இனிஷீரின் அந்த மணற்கரைக்கு மேலே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. அதன் நடுவில், சுற்றியுள்ள நிலமட்டத்திற்குக் கீழே, புனித கேவான் பெயரால் இடைக்காலத்தில் எழுந்த சிற்றாலயம் இருக்கிறது. காற்று அள்ளி வரும் மணல் அதை மூடிக்கொண்டே வரும். ஆண்டுதோறும் ஜூன் 14ஆம் நாள் வரும் புனிதரின் விழாவுக்கு முன், ஊரார் மண்வெட்டியுடன் வந்து மணலை அள்ளி அப்புறப்படுத்துவர். பின்னர் அங்குத் திருப்பலி நிகழும்.

இந்தக் கரையின் மணல், உலாவுவோருக்கு இளைப்பாறும் இடம். ஊராருக்கோ இறந்தோர் துயிலும் இடம், ஆலயத்தை விழுங்க வரும் பகை, வயலுக்குச் சுமக்க வேண்டிய சரக்கு. ஒரே மணலுக்கு இத்தனைப் பொருள் இருப்பதைக் காணும் கண்ணே நல்ல பயண எழுத்தாளனின் கண்.

இவ்வகையில் சிங்கின் பார்வை ஒரு விந்தையான முறையில் குறைவுபட்டது. புரட்டஸ்டாண்ட் குடும்பத்தில் 1871இல் பிறந்து, இளமையிலேயே நம்பிக்கை இழந்தவர் அவர். அவருடைய பெரியதந்தை முறையினர் ஒருவர் அவருக்கு முன்பே இத்தீவில் புரட்டஸ்டாண்ட் போதகராக இருந்ததுண்டு. சிங், தீவில் தேவதைக் கதைகளைத் தேடினார். பழைய புராணங்களின் எச்சங்களைத் தேடினார். மக்கள் மன்றாடிய திருப்பலியை அவர் வெளியிலிருந்தே நோக்கினார். புனிதக் கிணற்று நீரால் குருட்டுக் குழந்தை பார்வை பெற்ற செய்தியை ஒரு முதியவர் அவருக்குக் கூறினார்; அதிலிருந்து ‘புனிதர்களின் கிணறு’ என்ற கசப்பான நாடகத்தை 1905இல் அவர் படைத்தார். மக்களின் சமயத்தில் அவருக்குச் சுவை இருந்தது; தோழமை இல்லை.

துறைமுகத்தில் ஒரு பிரிவு

நாம் மூன்றாவதாக வந்து சேரும் இடம் மீன்பிடித் துறை. என் வாதத்தின் மையமும் இதுவே.

இனிஷ்மோரின் தலைமைத் துறையான கில்ரோனனில் ஒரு பங்குத்தந்தையின் நினைவுச் சின்னம் நிற்கிறது. அருள்தந்தை மைக்கேல் ஓ டோனஹூ என்பவர் அவர். 1886இல் தீவு பட்டினியின் விளிம்பில் நின்றபோது, ஆட்சியாளருக்கு அவர் ஒரு தந்தி அனுப்பினார் என்று மரபு சொல்கிறது. படகுகளை அனுப்புங்கள், இல்லையேல் சவப்பெட்டிகளை அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். மறையுரை எழுதத் தெரிந்தவர் அவர். ஆனால் அந்நாளில் அவர் எழுதியது ஒரு தந்தி. 1891இல் பிரித்தானிய அரசு அயர்லாந்தின் வறண்ட மேற்குப் பகுதிக்கென ஒரு வளர்ச்சி வாரியத்தை நிறுவியது. அவ்வாரியத்தின் முயற்சியால் கில்ரோனனில் மீன்பிடித் தொழில் வளர்ந்தது. பெரிய படகுகள் வந்தன. நீராவிக் கப்பல் வந்தது.

சிங் முதன்முதலில் ஆரனுக்கு வந்தது 1898 மே மாதம். பாரிசில் கவிஞர் யேட்ஸ் அவரைச் சந்தித்து, ஆரனுக்குப் போகுமாறு தூண்டியிருந்தார். கில்ரோனனில் சிங் தங்கியது சிறிது காலமே. அவ்வூர் வாரியத்தின் மீன்பிடித் தொழிலால் மாறிப்போய், மேற்குக் கரையின் மற்ற மீன்பிடி ஊர்களைப் போலாகிவிட்டது என்பது அவருடைய மதிப்பீடு. எனவே அவர் நடுத்தீவான இனிஷ்மானுக்குப் பெயர்ந்தார். வாழ்வு அங்கு இன்னும் தொன்மையாக இருந்தது என்பதே காரணம். 1902 வரை ஐந்து முறை வந்து, பெரும்பாலும் அங்கேயே தங்கினார்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். ஒரு குரு கெஞ்சிக் கேட்ட படகு வந்து சேர்ந்த இடம், கலைஞருக்குச் சுவையற்றதாயிற்று. படகு இன்னும் வந்து சேராத இடம் இலக்கியமாயிற்று. சிங்கின் மேல் தீய நோக்கம் கற்பிப்பதற்காக இதை நான் சொல்லவில்லை. அவர் பணிவுள்ள விருந்தினர். ஐரிய மொழி பயின்றார். வீட்டாரோடு ஒரே அடுப்பைச் சூழ்ந்து அமர்ந்தார். தாம் என்றும் அம்மக்களுள் ஒருவராக முடியாது என்பதை மறைக்காமல் எழுதினார். ஆனால் கலை எதை நோக்கிச் சாய்கிறது என்பதை இது காட்டுகிறது. நீங்கக்கூடிய ஒரு குறையை நீங்காத விதியாக மாற்றிக் காட்டும் ஆற்றல் கலைக்கு உண்டு. அந்த ஆற்றலே அதன் ஆபத்தும்.

‘ரைடர்ஸ் டு த சீ’ இதற்குச் சான்று. 1904 பிப்ரவரியில் டப்ளினில் முதன்முறையாக அரங்கேறிய இந்நாடகம் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் கனம் நாள் முழுதும் நம்மை விடாது. மோரியா என்னும் கிழவி – அப்பெயரே மரியா என்பதன் ஐரிய ஒலிப்பு – கணவனையும் மாமனாரையும் மகன்களையும் கடலுக்குக் கொடுத்தவள். எஞ்சியவன் பார்ட்லி ஒருவனே. கால்வே சந்தைக்குக் குதிரைகளைக் கொண்டு போக அவன் புறப்படுகிறான். புறப்படும் மகனுக்கு ஆசி சொல்ல வாயெழாமல் தாய் தவிக்கிறாள். கரையில் குதிரை அவனை அலைக்குள் தள்ளிவிட, அவன் பிணமாக வீடு வருகிறான். இறுதியில் தாய் புனித நீர் தெளித்து, இறந்தோர் அனைவருக்காகவும் மன்றாடி, அமைதி கொள்கிறாள்.

நாடகத்தின் தொடக்கம் முதல் மேடையில் சுவரோரம் சாய்ந்து நிற்பவை சில புதிய வெண் பலகைகள். முன்பு மூழ்கிய மகனின் சவப்பெட்டிக்காக வாங்கி வைத்தவை அவை. அந்த ஏழை வீட்டில் இருப்பதிலேயே நல்ல மரம் அதுதான். அதைப் படகாக்கலாம் என்றோ, கரையில் ஒழுங்கான துறை இருந்திருந்தால் பார்ட்லி பிழைத்திருப்பான் என்றோ நாடகத்தில் எவரும் எண்ணுவதில்லை. துறை வசதியற்ற கரையில் கால்நடைகளைப் படகேற்றுவது எத்துணை இடர் நிறைந்தது என்பதைச் சிங்கே தம் பயண நூலில் விவரித்திருக்கிறார். நூலில் அறிந்ததை நாடகத்தில் அவர் விதியின் கையில் ஒப்படைத்துவிட்டார். 1958 முதல் 1988 வரை ஓடிய கப்பலும் சிறு தீவுகளின் கரையை அணுக முடியாமல் கடலிலேயே நிற்க, மக்களும் மாடுகளும் அலைகளூடே அதைச் சென்றடைய வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், பார்ட்லியைக் கொன்றது ஊழ் மட்டுமன்று என்பது விளங்கும்.

நாடகத்திலும் ஓர் இளம் குரு உண்டு. அவர் மேடைக்கு வருவதே இல்லை. கடைசி மகனை இறைவன் பறிக்கமாட்டார் என்று அவர் சொன்னதாகப் பிறர் வாயால் கேட்கிறோம். கடலை அவர் அறியார் என்று கிழவி ஒதுக்கிவிடுகிறாள். நாடகத்திற்குள் கிழவியே சரி. குருவின் ஆறுதல் பொய்த்துவிடுகிறது. ஆனால் வரலாற்றின் குரு அத்தகையவர் அல்லர். கடலை அறிந்ததாலேயே அவர் படகு கேட்டார். சிங்கின் கலையில் அந்தக் குருவுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதே கத்தோலிக்க வாசகர் அந்நாடகத்தின்மேல் வைக்கத்தக்க நியாயமான முறையீடு.

ஒப்பாரியும் செபமும்

இதனோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உண்டு. தீவின் அடக்கச் சடங்கொன்றைச் சிங் மிக உருக்கமாக வருணிக்கிறார். பெண்கள் கல்லறையைச் சுற்றி அமர்ந்து, உடலை அசைத்து, மாறிமாறி ஒப்பாரி வைக்கின்றனர். பின்னர் ஒரு முதியவர் மண்டியிட்டு எளிய செபம் சொல்ல, அனைவரும் மறுமொழி கூறுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில் சிங் ஒரு முரணைக் காண்கிறார். ஒப்பாரி கிறிஸ்தவத்துக்கு முந்திய அவநம்பிக்கையின் குரல் என்றும், செபம் அதன்மேல் பின்னர் படிந்தது என்றும் அவர் கருதுகிறார்.

நம்முடைய ஊர்களில் ஒப்பாரி வைத்த அதே தொண்டை செபமாலையும் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் முரண் எதுவும் தோன்றாது. திருப்பாடல்களுள் பல புலம்பல்களே. யோபு இறைவனிடம் வழக்காடிய பின்னரே பணிந்தார். இலாசரின் கல்லறையில் ஆண்டவரே கண்ணீர் விட்டார். அழுகை நம்பிக்கையின் எதிர்ப்பக்கம் அன்று. நம்பிக்கை பேசும் மொழிகளுள் ஒன்று. மோரியாவின் இறுதி அமைதியை விதிக்குப் பணிதல் என்று மேலை விமர்சகர் பலர் வாசித்துள்ளனர். ஆனால் அவள் தன் பிள்ளைகளுக்காக மட்டுமன்றி, எஞ்சி வாழும் எல்லாருக்காகவும் இறைவனின் இரக்கத்தை வேண்டுகிறாள். தன் துயரின் உச்சியில் பிறரை நினைப்பது வெறும் பணிதலன்று. சிங் நம்பாத ஒன்றை அவருடைய செவி நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறது. படைப்பாளியைவிடப் படைப்பு பெரிதாகும் தருணம் இது.

அதே நாடகத்திலிருந்து பிறந்த ஒரு வணிகக் கட்டுக்கதையையும் சுட்ட வேண்டும். தொலைதூரக் கரையில் ஒதுங்கிய உடல் தன் அண்ணனுடையதே என்பதை, தான் பின்னிய காலுறையில் தவறவிட்ட தையல்களை எண்ணித் தங்கை அறிகிறாள். அன்பின் கை செய்த சிறு பிழை அங்கு அடையாளமாகிறது. பின்னாளில் ஆரன் கம்பளிச் சட்டை உலகச் சந்தைக்கு வந்தபோது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பின்னல் வகை உண்டென்றும், மூழ்கியோரை அடையாளம் காணவே அது தோன்றியதென்றும் கதை பரவிற்று. அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. அச்சட்டையின் அழகிய பின்னல்கள் இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தவை. ஆனாலும் பிறருடைய சாவு ஒரு விற்பனைச் சீட்டாக இன்றும் தொங்குகிறது.

திரையில் எழுந்த பொய்த் தீவு

சிங்கின் சாய்வு, ஃபிளாஹர்ட்டியிடம் முழு விலகலாயிற்று. ‘மேன் ஆஃப் ஆரன்’ வெனிஸ் விழாவில் முசோலினி பெயரிலான கோப்பையை வென்ற படம். அதில் தந்தை, தாய், மகன் என்று காட்டப்படும் மூவரும் உறவினர் அல்லர். தோற்றப் பொலிவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். படத்தின் உச்சமான சுறா வேட்டை, தீவில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்தது. எறியீட்டி வீசுவதைத் தீவினருக்கு மீண்டும் கற்பித்துப் படமெடுத்தனர். கொந்தளிக்கும் கடலில் படகோட்டியோர் உயிரைப் பணயம் வைத்தே ஓட்டினர். ஆலயம் இல்லை; பள்ளி இல்லை; கடை இல்லை; அரசு இல்லை. அன்று தீவில் இவையனைத்தும் இருந்தன.

அலையின் ஆற்றலை இத்துணைக் கம்பீரமாகக் காட்டிய படம் அரிது. எனினும், வாழ்வதற்காகக் கடலுக்குப் போன மக்களைக் காட்சிக்காகக் கடலுக்கு அனுப்பியது அறத்தின் எல்லையைத் தாண்டிய செயல் என்றே சொல்ல வேண்டும்.

உள்ளிருந்து எழுந்த குரல்கள்

தீவில் பிறந்தோர் எழுதவில்லையா எனின், எழுதினர். இயக்குநரோடு குடும்பப் பெயரில் மட்டும் ஒத்த லியம் ஓ ஃபிளாஹர்ட்டி 1896இல் இனிஷ்மோரில் பிறந்து, குருத்துவப் பயிற்சிக்குச் சென்று, அதை விட்டு விலகியவர். அவருடைய ‘ஸ்கெரட்’ (1932) என்னும் நாவலில், தீவுக்கு முன்னேற்றத்தைக் கொண்டு வரும் ஒரு பங்குத்தந்தையும் ஓர் ஆசிரியரும் முதலில் நட்பாகி, பின்னர் பகையாகின்றனர். வளர்ச்சி வரவர குருவின் அதிகாரமும் செல்வமும் வளர்கின்றன, ஆசிரியர் அழிகிறார். நமக்கு இது கசப்பான வாசிப்பே. ஆனால் படகு கேட்ட குருவைப் போற்றும் நாம், படகு வந்த பின் அதன் கணக்கு யார் கையில் இருந்தது என்று கேட்கும் நாவலையும் தள்ளிவிடலாகாது. விருந்தினருக்குத் தெரியாத இந்த உட்சிக்கல், வீட்டுப் பிள்ளைக்கே தெரியும்.

இன்னொருவர் ஐரிய மொழிக் கவிஞர் மார்ட்டீன் ஓ திரான் (1910–1988). தீவில் பிறந்து, கால்வேயிலும் டப்ளினிலும் அலுவலகங்களில் பணியாற்றியவர். விடுதியில் இடம் மறுக்கப்பட்ட மரியாவை, சன்னல்தோறும் மெழுகுவர்த்தி எரியும் கிறிஸ்துமஸ் இரவில் தம் தீவுக்கு வருமாறு அழைப்பதாக அவர் ஒரு கவிதை பாடினார். வெளியிலிருந்து வந்தோர் விருந்தினராய் நின்று தீவைப் பார்த்தனர். இவரோ விருந்தளிப்பவராய் நின்று பாடினார். தீவு, காட்சிப் பொருளாக இருந்த நிலை மாறி, கதவைத் திறக்கும் வீடாகிறது. ஆரன் இலக்கியத்தில் இதனினும் பெரிய திருப்பம் இல்லை.

தமிழிலும் இத்தகைய திருப்பம் நிகழ்ந்ததை நாம் அறிவோம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) பரிவுள்ள ஒரு வெளியாரின் சிறந்த நாவல். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கடலோரக் கத்தோலிக்கச் சமூகத்திலிருந்தே எழுந்தது. அதன் காகு சாமியாரும் திருச்சபை மீதான விமர்சனமும் உள்ளிருந்து வந்தவை. 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பின், குமரிக் கடலோரக் குடும்பங்கள் மரபணுச் சோதனையின் முடிவுக்காகக் காத்திருந்தபோது, மோரியாவின் மகள்கள் காலுறைத் தையலை எண்ணிய காட்சி நமக்குத் தொலைவானதாக இல்லை. ஆனால் நம் மக்கள் அமைதியில் அடங்கிவிடவில்லை. காணாமற்போனோரைத் தேடுங்கள் என்று குழித்துறையில் தொடருந்து மறியல் செய்தனர். குருக்களும் உடன் அமர்ந்தனர். 1886ஆம் ஆண்டுத் தந்தியின் மொழியே அது.

நடந்து அறிந்தவர்

இறுதியாக, வெளியார் எவரும் ஒரு தீவை நேர்மையாக எழுதவே முடியாதா என்ற வினா எழும். டிம் ராபின்சனின் நூல்கள் இதற்கு விடை. யார்க்ஷயரில் வளர்ந்து கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற இவர், 1972இல் மனைவியுடன் ஆரனில் குடியேறினார். அஞ்சலக அம்மையார் ஒருவரின் யோசனையால் தீவுக்கு வரைபடம் வரையத் தொடங்கினார். அதற்காக ஒவ்வொரு வயலின், பாறையின், ஓடையின் ஐரியப் பெயரையும் ஊர்ப் பெரியோரிடம் கேட்டுக் குறித்தார். பின்னர் ‘திருப்பயணம்’ (1986), ‘புதிர்வழி’ (1995) என்று இரு தொகுதிகளை எழுதினார். முதல் தொகுதி இனிஷ்மோரின் கடற்கரையை வலமாகச் சுற்றி வருகிறது. புனிதக் கிணறுகளை மக்கள் செபித்துச் சுற்றும் அதே திசை. ராபின்சன் நம்பிக்கையாளர் அல்லர். ஆயினும் நம்புவோர் நடந்த வழியில், அவர்கள் நடந்த முறையிலேயே நடக்க வேண்டும் என்ற மரியாதை அவரிடம் இருந்தது. 2020இல் அவர் காலமானார்.

அவர் நூலில் சுவர் வெறும் காட்சியன்று. யார் கட்டியது, எந்தப் பஞ்சத்தில், யாருடைய நிலத்துக்கு என்ற கேள்விகள் அதனுடன் வருகின்றன. நூல் நீளமானது, சில பக்கங்கள் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அந்த நீளமே அதன் அறம். சில வாரங்களில் வந்து போனவர் எழுத முடியாத நீளம் அது.

வாசகரின் கடமை

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு (1965), வரவிருக்கும் புதிய உலகைப் பற்றிய எதிர்நோக்கு இவ்வுலகின்மேல் நமக்குள்ள அக்கறையைக் குறைத்துவிடலாகாது என்று கற்பிக்கிறது. இலக்கிய வாசிப்புக்கும் இது பொருந்தும். துயரத்தின் அழகில் நாம் தோய்ந்து நிற்கும்போது, துயரத்தைப் போக்கும் கடமை மெல்ல நழுவிப் போகக்கூடும்.

ஆகவே சிங்கைப் படிக்க வேண்டாம் என்பதன்று என் முடிவு. கட்டாயம் படிக்க வேண்டும். அவருடைய உரைநடையின் தெளிவும், மோரியாவின் மன்றாட்டும் நம் ஆன்மாவுக்கு நல்லவை. ஆனால் அவரைப் படித்து முடித்ததும் ஓ ஃபிளாஹர்ட்டியையும் ஓ திரானையும் ராபின்சனையும் தேடுவது நல்லது. கடற்கரையைப் பற்றிய எந்த நூலைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்த நிலத்தை ஆக்கிய கை இந்நூலில் தெரிகிறதா? இந்த மக்கள் யாரிடம் கடன்பட்டிருந்தனர், யாரை நோக்கி மன்றாடினர் என்பது தெரிகிறதா? இங்கு நிகழ்ந்த சாவுகளுள் தடுத்திருக்கக் கூடியவை எவை என்று நூல் சொல்கிறதா?

விடை கிடைக்காத நூல் அழகாக இருக்கலாம். அந்த அழகை மறுக்காமலே, விடுபட்ட விடையை நாம் தேடிச் செல்ல வேண்டும். கில்ரோனனின் பங்குத்தந்தைக்குக் கடலின் அழகு தெரியாமல் இருந்திருக்காது. அவர் முதலில் கேட்டது படகு.